அத்தையை ரூம்ல விட்டுட்டுப் போகாதீங்க கண்ணு

கேள்வி: ஓஸ்லோவுல வேலை பாக்கற பையனைப் பாக்க ஜூலைல நார்வே போறோமுங்க. ஃப்ளாம்ல இருந்து குட்வாங்கன் வரைக்கும் ஃப்யோர்டுல ரெண்டு மணி நேரம் போட்ல போலாம்ங்கறான். எங்க அத்தைக்கு 72 வயசு, மூட்டுவலி. சின்ன வயசுல பவானி ஆத்துல பரிசல் கவுந்ததுல இருந்து தண்ணின்னாலே பயம். "அம்மா ரூம்லயே இருக்கட்டும்"ங்கறார் வூட்டுக்காரர். கூட்டிட்டுப் போலாமுங்களா?
- வாசகி, கோபி

பதில்: தாராளமா கூட்டிட்டுப் போங்க கண்ணு. அவங்களை ஒரு வார்த்தை கேக்காமயே ரூம்ல இருக்கட்டும்னு முடிவு பண்றதுதான் எனக்கு மனசு கேக்கல.

2019 ஜூன்ல எங்கம்மாவைக் கூட்டிட்டு இதே ரூட்ல போனேனுங்க, அவங்களுக்கும் தண்ணின்னா பயம்தான், ஏறுனதும் என் கையைப் புடிச்ச புடியில வளையல் அச்சு விழுந்துருச்சு. ஆனா அது அலையடிக்கற கடல் இல்லீங்க. ஒரு காலத்துல பனிப்பாறை மலையை அறுத்துட்டுப் போன பள்ளத்துல கடல்தண்ணி உள்ள வந்து நின்னதுதான் ஃப்யோர்டு, நீங்க போற எடம் கடல்ல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல உள்ளாற இருக்குது, அதனால பெரும்பாலும் நம்மூரு கொளம் மாதிரி அசையாமத்தான் கெடக்கும். நீங்க போற வழியில வர்ற நெரொய்ஃப்யோர்டுங்கற குறுகலான ஃப்யோர்டுல ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து ஒரு எடத்துல அகலமே 250 மீட்டர்தான், கரை எப்பவும் கண்ணுக்கு முன்னாடியே இருக்கறது பயந்தவங்களுக்கு நெம்பத் தெம்பா இருக்கும்.

வாந்தி வருமோங்கற பயமும் வேண்டாமுங்க, 2018ல விட்ட ஃபியூச்சர் ஆஃப் த ஃப்யோர்ட்ஸ் போட் முழுக்க பேட்டரில ஓடுது, டீசல் நாத்தமோ எஞ்சின் சத்தமோ இல்ல. படிக்கட்டுக்குப் பதிலா சாய்வா வளைஞ்சு வளைஞ்சு மேல போற வழி வெச்சிருக்காங்க, மூட்டுவலிக்கு அது பெரிய உபகாரம். அந்த போட்தான் வருதான்னு பையனைப் பாத்து புக் பண்ணச் சொல்லுங்க. சித்த முன்னாடியே போய் நின்னு ஜன்னலோரம் புடிச்சு மொதல்ல அத்தையை உள்ளாறயே உக்கார வெய்ங்க, வெளிய வான்னு இழுக்காதீங்க. எங்கம்மா அரை மணி நேரம் கண்ணாடி வழியாத்தான் பாத்தாங்க, பொறவு பாறை மேட்டுல ஒத்தையா நின்ன ஒரு வூட்டைப் பாத்துட்டு "இந்த மேட்டுக்குப் புல்லுக்கட்டை எப்படி ஏத்துவாங்க"ன்னு கேட்டுக்கிட்டே என் கையை உட்டுட்டு அவங்களாவே கதவைத் தொறந்துட்டு வெளிய போனாங்க, அருவிச்சாரல் மூஞ்சில பட்டுக் கண்ணாடியெல்லாம் நனைஞ்சும் உள்ள வரவே இல்ல.

போற வழியில உண்ட்ரெடால்னு ஒரு சின்ன ஊரு வரும், தவறாம காட்டுங்க. 1988 வரைக்கும் அதுக்கு ரோடே கெடையாது, போட்தான். அங்கத்த சனம் வெள்ளாடு வளத்துப் பொழைக்கறாங்க, ஆட்டுப்பால் தெளிவை மணிக்கணக்குல காச்சி நம்ம திரட்டுப்பால் கலருக்குப் பழுப்பா ஒரு சீஸ் பண்றாங்க, இனிப்பும் உப்புமா இருக்கும். ஆடு வளத்த கைன்னா அத்தை அதைப் பத்தி ஊருக்கு வந்தும் பேசுவாங்க.

ஜூலைன்னாலும் டெக்குல காத்து எலும்புல ஏறும். ஸ்வெட்டருக்கு மேல காத்துப் புகாத ஜாக்கெட், காதுக்குக் குல்லா, செருப்புக்குப் பதிலா ஷூ. எள்ளுருண்டை கொண்டு போங்க, ஆனா நெய், பால், கறி சேந்த எதையும் இங்கிருந்து பையில வெக்காதீங்க, நார்வேக்குள்ள கொண்டு போகக் கூடாது.

வூட்டுக்காரர் கிட்ட வாதம் பண்ண வேண்டாமுங்க. இன்னிக்கு ராத்திரி சாப்புட்ட பொறவு அந்த போட் வீடியோவை அத்தைக்கே போட்டுக் காட்டி "வர்றீங்களா அத்தை"ன்னு கேளுங்க, அவரும் பக்கத்துல இருக்கட்டும்.