11 முட்டை எப்படி 2 கருவாச்சு?

கேள்வி: அக்கா, நாங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். ஆறு வருஷமா குழந்தை இல்லாம இப்பதான் ஐவிஎஃப் பண்ணோம். 11 முட்டை எடுத்தாங்க, மறுநாள் போன் பண்ணி 6 தான் கருவாச்சுன்னாங்க, அப்புறம் 2 தான் ஃப்ரீஸ் பண்ணிருக்கோம்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க, ஏன்னு கேக்கவே விடல. நடுவுல குட் ஃப்ரைடேக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் போய் வெயில்ல ரொம்ப நேரம் நின்னேன், அதனாலதான் போச்சுன்னு மாமியார் சொல்றாங்க. மீதி 9 என்னாச்சு? லோட் ஷெட்டிங்னு கரண்ட் கட் பண்றாங்களே, அதால இருக்குமா?

பதில்: மாமியார் சொன்னதுக்கு முதல்ல வர்றேன்மா, அதுதான் உங்கள அரிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க கோயில்ல நின்ன அன்னிக்கு கரு உங்க வயித்துலயே இல்ல. லேப்ல 37 டிகிரி இன்குபேட்டர்ல ஒரு சின்ன டிஷ்ல இருந்துச்சு. உங்க மேல அடிச்ச வெயில் அதுமேல எப்படிம்மா படும்? இத அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். எடுக்குற எல்லா முட்டையும் முதிர்ந்து இருக்காது, சிலது அங்கயே கழிஞ்சிரும். மீதியில டிஷ்லயே விந்தணுவ விட்டு வெப்பாங்க, இல்ல இக்சின்னு ஊசியால ஒரு முட்டைக்கு ஒரு விந்தணுன்னு உள்ள செலுத்துவாங்க. 16லருந்து 18 மணி நேரம் கழிச்சு மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும். லேப்ல எத்தனையோ காலைல நான் பார்த்திருக்கேன், இன்னும் மனசு அடிச்சுக்கும். முட்டை நடுவுல ரெண்டு சின்ன வட்டம் ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், உள்ள கடுகு அடுக்கின மாதிரி புள்ளிங்க. ஒரு வட்டம் உங்களோடது, இன்னொண்ணு உங்க வீட்டுக்காரரோடது, ரெண்டும் இருந்தா கருவாச்சுன்னு அர்த்தம். சில முட்டையில வட்டமே வராது, சிலதுல மூணு வந்துரும், அத பொதுவா எடுத்துக்க மாட்டாங்க. இப்படித்தான் 11, 6 ஆச்சு.

அதுக்கப்புறம் ரெண்டாம் நாள் 4 செல், மூணாம் நாள் 8 செல் போல பிரியணும். இந்த மூணு நாளும் கரு ஓடுறது பெரும்பாலும் முட்டைக்குள்ள நீங்க குடுத்தனுப்பின சேமிப்புலதான், கட்டுசோறு மாதிரி வெச்சுக்கோங்க. அது தீருற நேரத்துல, 4லருந்து 8 செல் ஆகுறப்ப, கருவோட சொந்த ஜீன் வேலைய எடுத்துக்கணும். நிறைய கரு மேல வளராம நின்னுபோறது இங்கதான். ஜீனெல்லாம் சுமக்குற குரோமோசோம் எண்ணிக்கைல கூடக்குறைய இருக்குறது இதுக்கு பெரிய காரணம், வயசு ஏற ஏற அது கூடும், ஆனா சின்ன வயசுக்காரங்களுக்கும் உண்டு. இதுல உங்க தப்பு எதுவும் இல்லம்மா. தாண்டி வந்தது நாலாம் நாள் செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுகி, அஞ்சாம் நாள் உள்ள தண்ணி கோத்து உப்பும், அதுதான் பிளாஸ்டோசிஸ்ட். உள்ள ஒரு ஓரமா இருக்குற செல் கொத்துதான் குழந்தையாகும், வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். கருவான 6ல 2, 3 இதுவரைக்கும் வர்றது வழக்கமா நடக்குறதுதான்.

1978ல இங்கிலாந்துல பொறந்த லூயிஸ் பிரவுன், உலகத்துலயே முதல் ஐவிஎஃப் குழந்தை, அவங்கள 8 செல் கருவாவே அம்மா வயித்துல வெச்சிட்டாங்க. அப்ப நாலாம் நாள் எது நிக்குதுன்னு பார்க்க ஆளே இல்ல, வயித்துக்குள்ள சத்தமில்லாம நடக்குறதுதான் அது. இப்ப தினமும் எண்ணிச் சொல்றாங்க, அதான் இவ்வளவு வலிக்குது.

லோட் ஷெட்டிங் பயம் நம்ம ஊர்ல யாருக்கும் வரும், தப்பில்ல. லேப்னா யுபிஎஸ், ஜெனரேட்டர் கட்டாயம் இருக்கணும், கரண்ட் போனா அலாரம் யார் போனுக்கு வரும்னு தைரியமா கேளுங்க. ஃப்ரீஸ் பண்ண உங்க 2 கருவும் மைனஸ் 196 டிகிரி லிக்விட் நைட்ரஜன் டேங்க்ல இருக்கு, அந்த குளிருக்கு கரண்டே வேணாம், நைட்ரஜன் குறையாம ஊத்திக்கிட்டே இருந்தா போதும்.

போன வெச்சிட்டாங்கன்னு விட்டுறாதீங்க. லேப்ல கருவ பார்த்துக்குற எம்பிரியாலஜிஸ்ட்கிட்ட பத்து நிமிஷம் பேசணும்னு கேளுங்க, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. 11 முட்டையில எது எந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்டு இருக்கும், அத எடுத்து வெச்சு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லுங்க.