சின்ன காருக்கு ஸ்னோ டயரும் ரிம்மும்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கேள்வி இதுதான்: "சின்ன கார் வைத்திருக்கிறேன். முதல் பனிக்காலம் வரப்போகிறது. ஸ்னோ டயரைத் தனி ரிம்மோடு வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள். அதிகம் செலவில்லாமல் எதைப் பார்த்து வாங்குவது?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்குப் பொருந்துகிற ஆகச் சிறிய அளவில், சாதாரண இரும்பு ரிம் நான்கு வாங்குங்கள். அதில் மிச்சமாகிற பணத்தை அப்படியே டயரில் போடுங்கள். பனியில் காரைப் பிடித்து நிறுத்துவது, உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ரப்பர்தான். ரிம்முக்கு அந்த ரப்பரைத் தாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் அலாய் ரிம்மில் பணத்தைக் கொட்டிவிட்டு, டயருக்கு வரும்போது கையைக் கடிக்கிறது என்று இருப்பதிலேயே மலிவானதை மாட்டிக்கொள்கிறார்கள்.

"முன்னால் இரண்டு மட்டும் போட்டால் போதாதா, சின்ன கார் எல்லாம் முன்சக்கரத்தில்தானே இழுக்கிறது?" என்று கேட்காதவர்கள் இல்லை. போதாது. தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. முன்னால் நல்ல பிடி, பின்னால் வழுக்கல் என்றால் வளைவில் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். கிளம்பும்போது முன்டயர்கள் நன்றாக இழுப்பதால் ரோடு நன்றாக இருக்கிறது என்ற நினைப்பில் வேகம் கூடுகிறது. ஆபத்து பிறகுதான் தெரிகிறது. நான்குக்குப் பணம் இல்லை என்றால், மலிவான நான்கு வாங்குங்கள். விலை உயர்ந்த இரண்டு வேண்டாம்.

சரி, டயருக்கு வருவோம். சாதாரண கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது டயர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதாவது பனியே விழாத, காய்ந்த குளிர் ரோட்டிலும் இந்த வித்தியாசம் உண்டு. பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் பட்டன்களை, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளை, கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். கட்டை விரலால் ஒரு கட்டியை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் அந்த வெட்டுகள் லேசாக வாய் பிளக்கும். ரோட்டிலும் அதேதான் நடக்கிறது: ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வுகிறது. பெரிய பள்ளங்களில் பனி இறுகி அடைத்துக்கொள்வதும் நல்லதே, ஏனென்றால் பனியைப் பனி நன்றாகப் பிடிக்கும்.

கடையில் டயரின் பக்கவாட்டில் இரண்டு குறிகளைத் தேடுங்கள். 'எம்+எஸ்' (M+S) என்பது சேறு, பனி என்பதற்கான பழைய குறி. பட்டனின் அமைப்பைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது, பனியில் சோதித்துப் பார்த்து விழும் முத்திரை அல்ல. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் படம் இருந்தால்தான் அந்த டயர் பனியில் ஓட்டிப் பார்க்கப்பட்டது என்று அர்த்தம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இந்த மலைக்குறி இல்லாத டயரைப் பனிக்கால டயராக ஏற்பதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஆணி பதித்த டயரை யோசிக்கிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், பல இடங்களில் அதற்குத் தடையே உண்டு.

மலைக்குறி உள்ளதிலும் இரண்டு குணம் உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, வட ஐரோப்பா, கனடா போன்ற இடங்களுக்கான மிக மென்மையான ரப்பர். ஐஸிலும் இறுகிய பனியிலும் நன்றாகப் பிடிக்கும்; ஈர ரோட்டில், வேகத்தில் கொஞ்சம் தள்ளாடும். மற்றது, மத்திய ஐரோப்பாவுக்கான வகை. அங்கே பனியைவிட மழையும் சேறும் குளிரும்தான் அதிகம், அதனால் ரப்பர் கொஞ்சம் கெட்டி, ஹைவேயில் உறுதி. மலைக்குறி பனியைப் பற்றித்தான் சொல்கிறது, ஐஸைப் பற்றி அல்ல. ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 முதல் ஐஸ் பிடிப்புக்குத் தனியாக ஒரு படம் இருக்கிறது. உங்கள் தெருவில் பனி இறுகி வாரக்கணக்கில் கிடக்குமா, அல்லது உப்புத் தூவி மதியத்துக்குள் கரைத்துவிடுவார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் எந்த வகை என்று முடிவாகிவிடும்.

இனி பணம் உண்மையிலேயே மிச்சமாகும் இடம்: அளவு. நான் ஓட்டுவது இரண்டாம் தலைமுறை ஹோண்டா ஃபிட், சில நாடுகளில் ஜாஸ் என்று விற்ற வண்டி. வட அமெரிக்காவில் அதன் ஸ்போர்ட் மாடலுக்கு 185/55 ஆர்16 டயர், சாதாரண மாடலுக்கு 175/65 ஆர்15. இதில் முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 610 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 608. ஆக, 16 அங்குல வண்டியில் 15 அங்குல ரிம்மை மாட்டினாலும் ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய அதே வேகத்தைத்தான் காட்டும். 15 அங்குல டயர் பொதுவாக விலையும் குறைவு, கிடைப்பதும் எளிது. குறுகலாக இருப்பதால் ஆழமான பனியையும் கூழான சேற்றுப்பனியையும் அறுத்துக்கொண்டு தரையைத் தொடும். அகலமான டயர் மேலேயே மிதக்கப் பார்க்கும். டயரின் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால், பனி மூடிய பள்ளத்தில் இறங்கினாலும் ரிம்முக்கு அடி குறைவு. விலை குறைந்ததே வேலைக்கும் ஏற்றதாக அமைவது அபூர்வம். இங்கே அது அமைகிறது, விட்டுவிடாதீர்கள்.

உங்கள் காரில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் கையேடும் முதல் ஆதாரம். அதே மாடலின் அடிப்படை வகைக்கு என்ன ரிம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆனால் அதிலேயே சக்தி கூடிய வகைக்குப் பெரிய பிரேக் வைத்திருப்பார்கள். சின்ன ரிம் காலிப்பரில், அதாவது பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இடிக்கும். ஆகவே பழைய ரிம் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் முன்சக்கரத்தில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

பொருத்தத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றுகூடத் தவறக்கூடாது. நட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும்: சின்ன கார்கள் பலவற்றில் 4×100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு. நடுத்துளை: ஃபிட்டுக்கு 56.1 மில்லிமீட்டர். ரிம்மின் துளை இதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டு ஈடுகட்டலாம், சிறிதாக இருந்தால் ஏறவே ஏறாது. ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்கார்கிறது என்பதற்கு 'ஈ.டி.' (ET) என்று ஒரு எண் ரிம்மின் உட்பக்கத்தில் பொறித்திருக்கும். கம்பெனி கொடுத்த எண்ணுக்கு அருகில் இருக்கட்டும்.

அப்புறம் நட். ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டை வடிவம். வெளிக்கம்பெனி ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் முழுதாக உட்காராமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கைக்கு இறுகியதுபோலத்தான் தெரியும், ஓட ஓடத் தளரும். நான் கூம்பு நட் தனி செட்டாக வாங்கி, பனிக்கால ரிம்களோடு ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன். மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டே இல்லை.

இரும்பு ரிம் கனம் என்பார்கள். 14, 15 அங்குலத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பனியில் மறைந்த நடைபாதை விளிம்பில் இடித்தால் இரும்பு வளையும், அலாய் விரிசல் விடக்கூடும். இரும்பில் துரு பிடிக்கும், உண்மைதான்; ரோட்டு உப்பு அதன் எதிரி. சீசன் முடிந்ததும் கழுவி, துரு விட்ட இடத்தில் கொஞ்சம் பெயின்ட் அடித்தால் பல வருடம் ஓடும்.

தனி ரிம் எதற்கு, இருக்கும் ரிம்மிலேயே டயரை மாற்றிக்கொள்ளலாமே என்றால், மாற்றலாம். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்டி பேலன்ஸ் செய்யக் கடைக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் டயரின் விளிம்புக்குத் தேய்மானம் வேறு. தனி ரிம் இருந்தால் ஜாக்கியும் ஸ்பேனரும் வைத்து வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். சில சீசன்களிலேயே மிச்சமான கூலி ரிம் விலையைச் சமன் செய்துவிடும். பனிக்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எந்தக் கம்பெனி? பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலீட்டா மூன்றும் தெரிந்த பெயர்கள். கட்டுப்படியானால் வாங்குங்கள். ஆகாவிட்டால், பெயரே கேள்விப்படாத டயருக்கு இறங்குவதற்கு முன்னால் பெரிய கம்பெனிகளின் இரண்டாம் வரிசையைப் பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், கான்டினென்டலுக்கு ஜெனரல், பாரும், செம்பெரிட், மிஷலினுக்குக் கிளேபர், நோக்கியனுக்கு நார்ட்மேன். 1934இலேயே லாரிக்குப் பனிக்கால டயர் செய்த ஃபின்லாந்துக் கம்பெனி அந்த நோக்கியன். சின்ன காருக்கு என் தேர்வு எப்போதும் இந்த இரண்டாம் வரிசைதான்.

பழைய டயர் வாங்குவதில் எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை, ஆனாலும் வழியில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வயதான டயரை நான் தொடமாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும். ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் பனியில் பிரயோஜனம் குறைவு. ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்குச் சட்டமே அந்த அளவைத்தான் கேட்கிறது. சட்டம் சில நாடுகளில் 1.6 வரை விடுகிறது என்பதற்காக அதை நம்பி வாங்காதீர்கள்.

மாட்டும்போது சில விஷயங்கள். ஹப்பில், அதாவது ரிம் போய் உட்காரும் நடுப்பகுதியில், படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் ரிம் சமமாக உட்காராது. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பாருங்கள். நட்டை நட்சத்திர வரிசையில் (ஒன்றை முடுக்கியதும் அதற்கு எதிரில் உள்ளதை), கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள். காற்றும் முக்கியம்: வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். ரிம்முக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கும் வண்டி என்றால் புது ரிம்முக்கும் சென்சார் வேண்டும், இல்லையென்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எரிந்தால் எரியட்டும் என்று விடுவது சில நாடுகளில் வருடாந்திரச் சோதனையில் செல்லாது. சென்சார் இல்லாமல், ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) அளக்கும் சக்கர வேகத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் வண்டியாக இருந்தால் சென்சார் செலவு இல்லை, ரீசெட் செய்தால் போதும்.

உங்கள் பக்கம் சீசனுக்கு ஓரிரண்டு முறைதான் பனி விழும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. மலைக்குறி உள்ள ஆல்-வெதர் டயர் ஒரே செட்டை வருடம் முழுக்க ஓட்டுங்கள். கடுங்குளிரில் அது அசல் பனிக்கால டயருக்கு ஈடாகாது, கோடையில் கோடை டயருக்கும் ஈடாகாது, ஆனால் தனி ரிம், தனி இடம், மாற்றும் வேலை எதுவும் இல்லை. வாரக்கணக்கில் பனி கிடக்கும் ஊர் என்றால் அதை நம்பாதீர்கள்.

வாங்கும் நேரத்தைப் பொறுத்தவரை, முதல் பனி விழுந்த அன்று எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். 14, 15 அங்குலம் முதலில் தீர்ந்துவிடும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே ரிம்மை வாங்கி, நட் வடிவம் வரை சரிபார்த்து வைத்துவிடுங்கள். டயரையும் அப்போதே மாட்டிவிட்டால், புது ரப்பரின் மேல்பூச்சு தேய்ந்து போகிற முதல் சில நூறு கிலோமீட்டர் காய்ந்த ரோட்டிலேயே ஓடி முடிந்துவிடும்.