பக்கத்து வீட்டு மேலே கிரேன் கை: கேள்வி பதில்

சத்துவாச்சாரி வாசகர்: பக்கத்து மனையில் ஆறு மாடி கட்டுகிறார்கள் சார். டவர் கிரேன் கை எங்கள் மொட்டை மாடிக்கு மேலே சுற்றுகிறது. இதுவரை எதுவும் விழவில்லை. தடுக்க முடியுமா?

முடியும். விழுந்தால்தான் வழக்கு என்றில்லை. நீங்கள் இயல்பாகப் புழங்கக்கூடிய உயரம் வரை மேல்வெளியும் உங்களுடையது. அதில் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். 1987-ல் லண்டன் நீதிமன்றம் ஆங்கர் புரூஹவுஸ் வழக்கில் இதற்காகவே தடை கொடுத்தது; நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 38-ல் நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு), உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39-ல் இடைக்கால உறுத்துக்கட்டளையும் கேளுங்கள்.

பத்திரம், பட்டாவோடு படமும் வேண்டும். தெருவில் நின்று எடுத்த படம் செல்லாக்காசு. உயரத்தில் இருப்பது எல்லாமே தலைக்கு மேல் இருப்பதுபோல் தெரியும். மதில் ஓரம் நின்று நேர் மேலே எடுங்கள். அதைவிட உறுதியானது கணக்கு: கிரேன் கை 40 மீட்டர், கிரேன் கம்பத்திலிருந்து மதில் 12 மீட்டர் என்றால், 28 மீட்டர் உங்கள் பக்கம் வரும்.

காட்பாடி இன்ஜினியர்: "ராத்திரி கிரேன் கையை உங்கள் மனைக்குள்ளேயே பூட்டி வையுங்கள்" என்று எழுதிக் கேட்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். வேலை நேரம் முடிந்ததும் கை சுழலாமல் பிடிக்கும் சுழல் பிரேக்கை விடுவித்து, காற்றடிக்கும் பக்கம் கை தானே திரும்பும்படி விடவேண்டும். பூட்டினால் பக்கவாட்டுக் காற்று மொத்தமும் கம்பத்தில் ஏறும். ஆடி மாதக் காற்றிலோ புயலிலோ கிரேனே சாயலாம். ஒப்பந்தத்தில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: சுமையோடு எல்லை தாண்டக்கூடாது, சுமை இல்லாத கை காற்றுக்குத் திரும்பலாம், கொக்கி மேலே ஏற்றப்பட்டிருக்கும். சுமைக்குச் சுழல் எல்லை கட்டுப்படுத்தி (குறித்த எல்லைக்கு மேல் கை சுழலாமல் நிறுத்தும் கருவி) பொருத்துங்கள். அவர் எதற்கும் ஒப்பவில்லையென்றால், கையை நிமிர்த்தி வைக்கும் லஃபிங் கிரேன். வாடகை கூடும், ஆனால் ஓய்வில் சுற்றும் வட்டம் சிறியது.

குடியாத்தம் வாசகி: எட்டு மாதம் அனுமதி கொடுத்தால் பின்னால் உரிமை கொண்டாடுவார்களா?

மாட்டார்கள் அம்மா. 1882 வசதியுரிமைச் சட்டம் பிரிவு 52-ன்படி அது வெறும் உரிமம். மனையில் எந்தப் பங்கும் சேராது. காலம், நேரம், தொகை, காப்பீட்டு நகல், 12 மாதத்துக்குள் எடுத்த கிரேன் சோதனைச் சான்று எல்லாம் கேட்டு வாங்குங்கள். தொகைக்கு அரசு விகிதம் கிடையாது, பேசித் தீர்ப்பதுதான்.

காந்தி ரோடு லாட்ஜ்காரர்: ஒரே ஒரு நாள் ஹைட்ரா (சக்கரத்தில் ஓடும் சிறிய கிரேன்) வைத்துப் பக்கத்து மனைக்கு மேலாகத் தண்ணீர் தொட்டி ஏற்ற வேண்டும். அதற்கும் பத்திரமா?

வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு வரி போதும். உரிமம் வாய்மொழியாகக்கூட இருக்கலாம், சாட்சிக்குத்தான் எழுத்து. தெருவை அடைப்பதற்குப் போக்குவரத்துக் காவல், மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியம், இவற்றுக்குத் தனித்தனியே முன்கூட்டி மனு கொடுங்கள்.

ராணிப்பேட்டை பில்டர்: பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு முறிந்துவிட்டது, தடை வாங்கிவிடுவாரோ?

இன்றே கோர்ட்டில் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போடுங்கள், உங்களைக் கேட்காமல் உத்தரவு வராது. 90 நாள்தான் செல்லும். முடிவதற்குள் புதிதாகப் போடுங்கள்.