எடுவார்ட் மலஃபேயெவ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கால்பந்து ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த மலஃபேயெவைப் பெலாரஸ்காரர் என்கிறார்கள். பிறந்தது சைபீரியாவில்தானே?

ஆமாம், 1942இல் கிராஸ்நயார்ஸ்க் நகரில். மாஸ்கோவின் ஸ்பார்ட்டாக் அணியில் கொஞ்ச காலம் இருந்தார், அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. 1963இல் பெலாரஸ் தலைநகரின் மின்ஸ்க் தினமோ அணிக்குப் போனார். அதன்பின் ஆட்டக்காரராக வேறு அணிக்கு மாறவேயில்லை. பெலாரஸ் ரசிகர்களுக்கு அதுவே போதும்.

ஆட்டக்காரராக எப்படி? பயிற்சியாளர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நல்ல ஸ்ட்ரைக்கர். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவை 3-0 என்று சோவியத் வென்றபோது இரண்டு கோல் இவருடையவை. அந்த முறை சோவியத்துக்கு நான்காம் இடம். 1971இல் சோவியத் லீக்கில் 16 கோலுடன் முதலிடம். அடுத்த வருடமே முழங்கால் காயம், ஆட்டம் முடிந்தது. வயது 30தான்.

மின்ஸ்க் தினமோவின் 1982 சோவியத் லீக் சாம்பியன் பட்டம் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் சார்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். 1978இல் அவர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது மின்ஸ்க் இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. அந்த வருடமே மேலே ஏற்றிவிட்டார். அணியில் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள்: அலெய்னிகவ், கோத்ஸ்மானவ், புரகப்பென்கோ. கீவ், மாஸ்கோ அணிகளைப் போல நாடு முழுக்க ஆள் பிடிக்கும் வசதி இவருக்கு இல்லை.

1982 கடைசிக் கட்டத்தில் இரண்டு ஆட்டங்களும் மாஸ்கோவில். முதலில் மாஸ்கோ தினமோவை 7-0 என்று நொறுக்கினார்கள். அப்புறம் நவம்பர் 19 அன்று ஸ்பார்ட்டாக்குடன். 4-3 என்று வெற்றி, மின்ஸ்க்குக்கு 47 புள்ளி, கீவுக்கு 46. சோவியத் லீக்கில் பெலாரஸ் அணி ஒன்று வாங்கிய ஒரே பட்டம் அது.

அந்த ஆட்டத்துக்கு முன் குரங்குக் கதை சொன்னாராமே?

ஆட்டக்காரர்கள் சொல்லித்தான் அது பரவியது. குரங்குக் கூட்டம் ஆற்றைக் கடக்க வேண்டும், தண்ணீரில் முதலைகள். ஒரு குரங்கு தன்னைப் பலி கொடுத்தால்தான் மற்றவை தப்பும். இன்று யார் அந்தக் குரங்கு என்று கேட்டாராம். கதைக்குப் பல வடிவம் உண்டு, வரிக்கு வரி நம்ப வேண்டாம். ஆனால் ஆள் அப்படிப்பட்டவர்தான். பலகையில் அம்புக்குறி போடுவதைவிட மனதைக் கிளறிவிடுவதில் நம்பிக்கை அதிகம். ‘நேர்மையான கால்பந்து’ என்பது அவருடைய மந்திரம்: ஏமாற்றாதே, பேரம் பேசி ஆட்டத்தை விடாதே, தாக்கி ஆடு.

அப்படியானால் 1986 உலகக் கோப்பைக்கு ஏன் அனுப்பவில்லை?

சோவியத் தேசிய அணியின் பயிற்சியாளராக, அதை மெக்சிகோ உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தவர் அவர். ஆனால் அந்த வருடத்து நட்பு ஆட்டங்கள் மோசம். மே மாதம் மாஸ்கோவிலேயே பின்லாந்துடன் 0-0. அதே மாதம் பயிற்சியாளர் லபனோவ்ஸ்கியின் கீவ் அணி ஐரோப்பாவில் கோப்பை வென்றிருந்தது. உலகக் கோப்பைக்குச் சில வாரமே இருக்கும்போது மலஃபேயெவை எடுத்துவிட்டு லபனோவ்ஸ்கியை உட்கார வைத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் ஹங்கேரியை 6-0 என்று அடித்ததும், முடிவு சரி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பிறகு பெல்ஜியத்திடம் 4-3 என்று தோற்று வெளியேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றியதில் கால்பந்து நியாயம் இருந்தது, மாற்றிய விதத்தில் இல்லை. இது என் கருத்து.

சோவியத் உடைந்த பிறகு என்ன செய்தார்?

2000இல் பெலாரஸ் தேசிய அணிக்கு வந்தார். 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம் வரை வாய்ப்பு இருந்தது. கார்டிஃபில் வேல்ஸிடம் 1-0 தோல்வி, பிளே-ஆஃப் (தகுதிக்கான கூடுதல் ஆட்டம்) இடம் உக்ரைனுக்குப் போனது.

ஸ்காட்லாந்தில் இருந்தார் என்று படித்தேன், உண்மையா?

உண்மை. 2006இல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணிக்குத் தற்காலிகப் பயிற்சியாளர். அப்போதைய உரிமையாளர் விளாதிமிர் ரமனோவ் அடிக்கடி ஆளை மாற்றுபவர். அதனால் அந்தக் காலத்தை வைத்து இவரை எடைபோடாதீர்கள்.