கோல்டு ஸ்ட்ரைக் பள்ளத்தாக்கில் இறங்கிக் கொலராடோ ஆற்றை அடைவது எப்படி?

அமெரிக்காவில், கொலராடோ ஆற்றின் குறுக்கே உள்ள ஹூவர் அணைக்குச் சற்றுக் கீழே, நெவாடா மாநிலப் பக்கத்தில் உள்ள கோல்டு ஸ்ட்ரைக் பள்ளத்தாக்கு வழியாக ஆறு வரை செல்லப் பாறையேற்றப் பயிற்சி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை, ஆனால் கைகளையும் ஊன்றி இறங்கத் தயங்காதவராக இருக்க வேண்டும். தொடக்கத்தில் சரளைக்கல் நிரம்பிய வறண்ட ஓடைப்படுகைதான். போகப்போக இருபுறச் சுவர்களும் நெருங்கி, ஆளுயரப் பாறைகள் வழியை மறிக்கும் இடங்களில் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். அவை வெயிலில் நைந்துபோயிருக்கலாம் என்பதால், இழுத்துப் பார்க்காமல் முழு எடையையும் அவற்றில் போடக் கூடாது. பாறையைப் பார்த்தபடி திரும்பி நின்று, ஒரு காலை உறுதியாக ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். வழவழப்பான சில பாறைகளில் உட்கார்ந்தே சறுக்குவதுதான் எளிது (பழைய கால்சட்டை அணிந்து செல்வது நல்லது).

கீழ்ப்பகுதியில் பாறை வெடிப்புகளிலிருந்து வெந்நீர் கசிந்து வழிவதால், பாசி படிந்த கற்கள் வழுக்கும். அந்நீரில் மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா இருக்கக்கூடும். அது மூக்கின் வழியாகவே உட்புகும் என்பதால், குளித்தாலும் தலையை முக்கக் கூடாது. ஆற்று நீரோ, ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படுவதால் எப்போதும் சில்லென்றிருக்கும்.

வெயிலின் கடுமை காரணமாக மே 15 முதல் செப்டம்பர் 30 வரை பாதை மூடப்படுகிறது. மற்ற மாதங்களிலும், மேலே எங்கோ பெய்யும் மழை இங்கே திடீர் வெள்ளமாக வந்து சேரலாம். மலையேற்றத்துக்கு நேர்மாறாக, இங்கே ஏற்றம் கடைசியில்தான் வருகிறது. ஆகவே கொண்டுவந்த தண்ணீரில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.