மகள் நகரத் திட்டமிடல் படிக்கட்டும், விடுங்கள்

அன்புள்ள ஐயா,

மகள் கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் ஓய்வு நேரமெல்லாம் ஏதேதோ நாட்டு நகரங்களின் பேருந்துத் தடங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பெரியப்பாவோ கணினிப் பொறியியலைத் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் கடன் வாங்கி, அவள் கேட்காத படிப்பில் அவளைச் சேர்க்காதீர்கள். அந்தப் படிப்பின் பெருமையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

அவள் செய்வது பொழுதுபோக்கு அல்ல, நகரத் திட்டமிடல் என்ற துறையின் அடிப்படை வேலை. பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் பேருந்துக்கென்றே தனிப்பாதை ஒதுக்கியது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டா அதைப் படித்து, நிலையங்களில் ஒரு பேருந்து இன்னொன்றை முந்திச் செல்ல இடம்விட்டு, 2000-இல் தன் சேவையைத் தொடங்கியது. 2011-இல் பெருமழையில் மூழ்கிய டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன், பூங்காக்களிலும் சாலைகளிலும் வெள்ளத்தைத் தேக்கி வடியவிடத் திட்டம் வகுத்தது. நியூயார்க் 2015-இல் அந்நகரத்தோடு ஒப்பந்தம் செய்து அந்த அனுபவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

எல்லாம் இப்படிக் கைகூடுவதில்லை. கொலம்பியாவின் மெடலின் நகரில் 2004 முதல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கம்பிவட ஊர்தி (கேபிள் கார்) ஓடுகிறது. அதைப் பார்த்து பிரேசிலின் ரியோ நகரத்து அலெமாவோ பகுதியில் 2011-இல் தொடங்கியது 2016-இல் நின்றுபோனது. மலை ஒன்றுபோல இருந்தால் போதுமா? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் தருவது யார், அங்கே வாழ்பவர்கள் முதலில் கேட்டது ஊர்தியா, கழிவுநீர்க் குழாயா? இதையெல்லாம் முன்கூட்டியே கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

கணக்கு எங்கே உதவும் என்று கேட்டிருந்தீர்கள். 'நகரம்' எது என்பதிலேயே நாடுகள் ஒத்துப்போவதில்லை. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தாலே நகர்ப்புறம். ஜப்பானில் நகர் என்ற தகுதிக்குப் பொதுவாக 50,000 பேர் வேண்டும். ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோலை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றதே 2020-இல்தான். இந்தச் சிக்கலைப் பிரிக்கப் புள்ளியியல் தெரிந்த மூளை தேவை. உங்கள் வீட்டில் அது இருக்கிறது.

இளநிலைப் பட்டத்துக்கு வெளிநாடு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிலச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வேலை செய்யப்போகும் நாட்டின் சட்டத்தை முதலில் ஊன்றிப் படிக்கட்டும். திட்டமிடலிலேயே பட்டம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் புவியியல், பொருளியல், கட்டடப் பொறியியல் எதுவும் சரி. முதுநிலையில் உதவித்தொகையோடு வெளியே போகலாம். ஐரோப்பாவில் 'ஃபோர் சிட்டீஸ்' என்ற இரண்டாண்டுப் படிப்பு பிரஸ்ஸல்ஸ், வியன்னா, கோபன்ஹேகன், மாட்ரிட் நான்கிலும் மாணவர்களைப் படிக்க வைக்கிறது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருக்கட்டும். வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள்.

தொடக்கச் சம்பளம் பல இடங்களில் மென்பொருள் துறையைவிடக் குறைவு. அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நகராட்சிகள், போக்குவரத்து ஆணையங்கள், வளர்ச்சி வங்கிகள், நைரோபியில் உள்ள ஐ.நா. வாழ்விட அமைப்பு என வேலை தரும் இடங்கள் உண்டு.

இந்த விடுமுறையில் வரைபடத் தரவை அலசும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸை இறக்கிக் கொடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவை வைத்து, இரண்டு நகரங்களில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோகும் தூரத்தை அவளே ஒப்பிடட்டும். அலுக்காமல் செய்து முடித்தால் தயங்காமல் சேருங்கள். பெரியப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள், அவள் அல்ல.