பத்தி முழுக்க மஞ்சள் கோடு

சென்ற சனிக்கிழமை துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அரிசி மண்டி வைத்திருக்கும் அப்பா, அம்மா, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள். கூடவே சித்தப்பா. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர். பேசியதெல்லாம் அவர்தான். பெண்ணை பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ-க்குப் பயிற்சி தரும் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவாகிவிட்டதாம். அவளோ சட்டம் படிக்க வேண்டும் என்று, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்திருக்கிறாள். ஆங்கிலப் பகுதியில் மதிப்பெண் குறைந்துவிட்டது. "பத்தியைப் படித்தே புரிந்துகொள்ளத் தெரியவில்லை, இவள் எங்கே வக்கீலாகப் போகிறாள்?" என்றார் சித்தப்பா. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு தேர்வில் என்ன இருக்கிறது, இன்னும் காலம் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்கிற ஆறுதலை அந்த அம்மாவுக்கும் சொன்னேன். பிறகு அந்த விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். அதன்பின் ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அன்று நேரில் சொன்னதையே இங்கே அந்த அம்மாவுக்கு எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மகளுக்கு ஆங்கிலம் புரிகிறது. சொற்பொருள் கேட்ட இடத்திலும், பத்தியில் வரும் செய்தியை நேராகக் கேட்ட இடத்திலும் ஒன்றுகூடத் தவறவில்லை. தவறியதெல்லாம் ஒரே வகைக் கேள்வி: இப்பத்தியின் மையக் கருத்து எது? தாளைத் திருப்பினால் காரணம் தெரிகிறது. பத்தி முழுக்க மஞ்சள் கோடு. எல்லா வரியும் முக்கியம் என்று நினைப்பவளுக்கு எந்த வரி முக்கியம் என்று தெரியாமல் போவதில் வியப்பில்லை. இது பழக்கக் கோளாறு, சில மாதங்களில் சரியாகும். இதற்காகக் குழந்தையின் விருப்பத்தை மாற்றுவது, செருப்புக் கடிக்கிறது என்று காலை வெட்டுகிற கதை.

பொறியியலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கிளாட் பற்றி உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதற்கான தேர்வு அது. அவற்றுள் ஒன்று உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. 2020 முதல் இந்தத் தேர்வு பத்திகளை வைத்தே நடக்கிறது. இப்போது 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். பத்திகள் பெரும்பாலும் 450 சொல் அளவு. சட்டப் பகுதிக்குக்கூட முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவையான விதி பத்தியிலேயே இருக்கும். கணக்கு 10 முதல் 14 கேள்விதான், அதுவும் பத்தாம் வகுப்பு அளவில். ஆங்கிலப் பகுதிக்கு என்ன திறன் வேண்டும் என்று தேர்வை நடத்தும் கூட்டமைப்பு தரும் பட்டியலில் முதலில் வருவதே பத்தியின் மையக் கருத்தைப் புரிந்துகொள்வது. வரவேற்பறையில் காத்திருந்த நேரத்தில் சித்தப்பா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் மேசையில் கிடந்த நாளிதழின் தலையங்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்றே வைத்த தேர்வு இது.

அவள் எப்படிச் சறுக்குகிறாள் என்று பார்க்க, அங்கேயே ஒரு சிறு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'ஏரியைத் தூர்வாரினால் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் தோண்டிய மண்ணைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் அது ஏரிக்கே திரும்புகிறது. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நீர் வந்து சேராது. கையில் இருக்கும் பணத்தை முதலில் வாய்க்காலுக்குச் செலவிடுவதே முறை.'

நான்கு விடைகள் கொடுத்தேன். தோண்டிய மண் ஏரிக்கே திரும்புகிறது என்பது ஒன்று. நீர்நிலைகளைக் காப்பது நம் கடமை என்பது இன்னொன்று. தூர்வாரினால் பஞ்சம் தீரும் என்பது மூன்றாவது. ஏரிக்கு முன் வாய்க்காலைச் சீர்செய்ய வேண்டும் என்பது நான்காவது. அவள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "பத்தியில் அப்படியே இருக்கிறதே" என்றாள்.

அப்படியே இருப்பதுதான் பொறி. அது உண்மை, ஆனால் வாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் ஒரு கம்பு மட்டுமே. இரண்டாவது விடை எந்த நீர்ப் பத்திக்கும் பொருந்தும், ஆகவே இதற்குப் பொருந்தாது. மூன்றாவது, எழுத்தாளர் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன பிறர் கருத்து. 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதை எழுத்தாளரின் தலையில் கட்டுவது பாதிப் பிள்ளைகள் செய்கிற தவறு. நான்காவது விடையைச் சொல்லும் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். மண்ணும் வாய்க்காலும் எதற்காகப் பேசப்படுகின்றன என்றே தெரியவில்லை என்றாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

இதற்குப் பயிற்சி மையம் வேண்டாம். நம் பள்ளித் தமிழ்த் தேர்வில் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் தலைப்பிடச் சொல்வார்களே, அதேதான் இது. நாளொன்றுக்கு ஓர் ஆங்கிலத் தலையங்கம். படித்து முடித்து, தாளை மூடி வைத்துவிட்டு, "இவர் என்ன சொல்ல வருகிறார்?" என்பதை உங்களிடம் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் ஆங்கிலம் அறியாதவராக இருப்பது இதற்கு வசதி. சொற்களை அப்படியே ஒப்பிக்க முடியாது; புரிந்தால்தான் சொல்ல வரும். "சுற்றுச்சூழல் பற்றி" என்று சொன்னால் விடாதீர்கள். அது பேசுபொருள், கருத்தாகாது. "அதைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று கேளுங்கள். சொன்ன வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மஞ்சள் பேனாவை எடுத்து ஒளித்துவிடுங்கள். பழைய வினாத்தாள்கள் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். விண்ணப்பக் கட்டணமே அண்மை ஆண்டுகளில் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500. சேர்ந்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். கல்விக் கடன் வாங்க நேரலாம். நல்ல இடம் கிடைக்காவிட்டால் நன்கொடை கேட்கும் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறது, அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆகவே பள்ளிப் படிப்பைக் கோட்டை விடக் கூடாது. அவளுக்கு விருப்பமில்லாத விடுதிப் பள்ளிக்காக நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். நான் கேட்ட ஒரு மணி நேரத்தில் அந்தப் பள்ளி வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கிளாட் பொதுவாக டிசம்பரில் நடக்கும். அவளுக்கு ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் அவளும் வாருங்கள். சித்தப்பாவுக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை.